கடலிலேயே மீன் பதப்படுத்தும் கப்பல்கள்: துறைமுக ஊருக்கு என்ன மிஞ்சுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலாஸ்காவை ஒட்டிய பெரிங் கடலில் பொல்லாக் என்னும் வெள்ளைச் சதை மீன் நல்ல ஆண்டுகளில் 13 லட்சம் டன்னுக்குக் குறையாமல் பிடிபடுகிறது. அதில் ஏறக்குறைய பாதி, கரையைத் தொடாமல் கப்பலிலேயே வெட்டி, உறைய வைத்து, பெட்டியில் அடைக்கப்படுகிறது. கப்பலுக்கும் கரைக்கும் இடையிலான இழுபறி இங்கே நாற்பது ஆண்டுகளாக நடக்கிறது. சட்டமும் வரியும் திரும்பத் திரும்ப மாறியிருக்கின்றன. அதனால் இந்தக் கேள்விக்கு அலாஸ்காவை விடத் தெளிவான பாடம் வேறு இல்லை. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அலூஷியன் தீவுகளில் உள்ள உனலாஸ்கா ஊரையும் அதன் டச் ஹார்பர் துறைமுகத்தையும் வைத்து எழுதப்பட்டவை.

பதப்படுத்தும் கப்பல் என்றால் எல்லாம் ஒரே வகைதானா?

மூன்று வகை உண்டு. ஊருக்கு வரும் பணமும் வகைக்கு வகை மாறும்.

முதலாவது, தானே இழுவலை போட்டுப் பிடித்துத் தானே பதப்படுத்தும் ஆலைக்கப்பல். இரண்டாவது தாய்க்கப்பல். இது வலை போடாது. சிறிய படகுகள் மீன் நிறைந்த வலைப்பையை நடுக்கடலிலேயே இதனிடம் ஒப்படைத்துவிட்டு மீண்டும் பிடிக்கப் போகும். மூன்றாவது, கரையோரம் நங்கூரமிட்டு நிற்கும் மிதக்கும் ஆலை. இது மாநிலத்தின் 3 மைல் கடல் எல்லைக்குள் நிற்பதால் மாநில வரியிலிருந்து தப்ப முடியாது. முதல் இரண்டும் 3 மைலுக்கு அப்பால், கூட்டரசின் 200 மைல் எல்லைக்குள் வேலை செய்கின்றன. சிக்கல் முழுவதும் இந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவில்தான்.

கப்பலுக்குள் என்ன நடக்கிறது? அதற்கும் ஊர் வருமானத்துக்கும் என்ன தொடர்பு?

வலைப்பையில் வரும் மீன் கீழ்த்தளத் தொட்டிகளில் கொட்டப்படும். அங்கிருந்து ஓடும் பட்டைத் தராசில் எடை பதிவாகி, தலை வெட்டி ஃபில்லெட் (எலும்பு நீக்கிய சதைத்துண்டு) எடுக்கும் எந்திரங்களுக்குப் போகும். முதல் பருவத்தில் (ஜனவரி 20 முதல்) சினை தனியாக எடுத்துத் தரம் பிரிக்கப்படும். விலை மிகுந்த சரக்கு அதுதான். ஃபில்லெட் கட்டிகள் சுமார் 7.5 கிலோ, சுரிமி (அலசி அரைத்த மீன்சதை) கட்டிகள் 10 கிலோ. தட்டு உறைவிப்பான்களில் உறைந்தபின் அட்டைப்பெட்டியில் அடைத்துக் குளிர்க் கிடங்கில் இறக்குவார்கள். தலை, எலும்பு, குடல் எல்லாம் மீன்தூளுக்கும் மீன் எண்ணெய்க்கும் போகும்.

இதில் ஊர் விற்கக்கூடிய பொருள் எது என்று பாருங்கள். சுரிமி உறையும்போது சதை கெடாமல் இருக்கச் சர்க்கரையும் சார்பிட்டாலும் சேர்க்கிறார்கள். எடையில் 8 சதவீதம் அளவுக்கு என்று வைத்தாலும் 1,000 டன் சுரிமிக்கு 80 டன் வேண்டும். அது உனலாஸ்காவில் விளைவதில்லை. சியாட்டிலில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். அட்டைப்பெட்டியும் அப்படியே. பெரிய கப்பல்கள் கடல்நீரைக் காய்ச்சி நன்னீரும் தாங்களே தயாரித்துக்கொள்கின்றன. கரை ஆலையின் கதை வேறு. ஊரின் தண்ணீரை அதிகம் வாங்கும் வாடிக்கையாளரே அதுதான். ஒரே மீன், ஒரே எந்திரம். ஆனால் ஊர்க் கணக்கில் இரண்டும் வேறு வேறு வரவு.

சண்டை எப்படித் தொடங்கியது?

அமெரிக்கா 1976ஆம் ஆண்டுச் சட்டத்தால் 200 மைல் எல்லையைத் தனதாக்கியது. முதலில் வெளிநாட்டுக் கப்பல்கள் படிப்படியாக வெளியேறின. இடையில் சில ஆண்டுகள், அமெரிக்கப் படகுகள் பிடித்துச் சோவியத், ஜப்பான், கொரியத் தாய்க்கப்பல்களுக்கு விற்கும் கூட்டு ஏற்பாடு நடந்தது. 1980களின் இறுதியில் அமெரிக்கக் கொடி பறக்கும் ஆலைக்கப்பல்கள் பெருகின. அவற்றில் பல நார்வேயில் மாற்றிக் கட்டப்பட்டவை.

1989இன் தொடக்கத்தில் இந்தக் கப்பல்கள் அலாஸ்கா வளைகுடாவுக்குள் வந்து, கோடியாக் ஊரின் ஆலைகள் நம்பியிருந்த பொல்லாக் அளவில் பெரும் பகுதியைச் சில வாரங்களில் அள்ளிவிட்டன. வளைகுடாவின் அனுமதி அளவு முழு நாட்டுக்கும் பொது. ஒருவர் எடுத்துவிட்டால் மற்றவருக்கு இல்லை. கரை ஆலை இடம்பெயர முடியாது; கப்பல் மீன் இருக்கும் இடத்துக்குப் போய்விடும். அந்த ஏற்றத்தாழ்வைத்தான் கோடியாக் அந்த ஆண்டு உணர்ந்தது. சினையை மட்டும் எடுத்துக்கொண்டு மீனைக் கடலில் வீசிய பழக்கம் கோபத்தை இன்னும் கிளறியது. அடுத்த ஆண்டே அது தடை செய்யப்பட்டது.

அதற்கு என்ன தீர்வு கண்டார்கள்?

வட பசிபிக் மீன்வள நிர்வாகக் குழு 1992 முதல் பிடிப்பைப் பங்கு பிரித்தது. பெரிங் கடல் பொல்லாக்கில் கரைக்கு 35 சதவீதம், கடலுக்கு 65. அலாஸ்கா வளைகுடாவில் பொல்லாக் முழுவதும், பசிபிக் காட் மீனில் 90 சதவீதமும் கரைக்கு.

பங்கு பிரித்தாலும் ஒவ்வொரு பங்குக்குள்ளும் போட்டி ஓயவில்லை. யார் வேகமாகப் பிடிக்கிறாரோ அவருக்கே மீன் என்ற நிலையில், கப்பல்கள் சதையை வீணடித்தபடி ஓடின. பருவம் ஆண்டுக்கு ஆண்டு சுருங்கியது. 1998 அக்டோபரில் வந்த அமெரிக்க மீன்வளச் சட்டம் இதை முடித்து வைத்தது. மொத்த அளவில் 10 சதவீதம் கடலோரச் சமூகங்களுக்கு. மற்ற மீன்பிடிப்பில் தற்செயலாக வலையில் விழும் பொல்லாக்குக்கு ஒரு பகுதியை விட்டபின், மீதியில் 50 சதவீதம் கரைக்கு மீன் தரும் படகுகளுக்கு, 40 ஆலைக்கப்பல்களுக்கு, 10 தாய்க்கப்பல்களுக்கு. 20 ஆலைக்கப்பல்களையும் 3 தாய்க்கப்பல்களையும் சட்டமே பெயர் சொல்லிப் பட்டியலிட்டது. 9 கப்பல்கள் விலை கொடுத்து விலக்கப்பட்டன. இதற்கான பணத்தில் 7.5 கோடி டாலர் கடன். அதை அடைப்பவர்கள் கரைத் தரப்பினர், பவுண்டுக்கு 0.6 சென்ட் வீதம்.

இந்தக் கடைசி விவரம் பலர் கவனிக்காதது. கரைக்குக் கூடுதல் பங்கு இலவசமாகக் கிடைக்கவில்லை; விலை கொடுத்தே வாங்கப்பட்டது. கப்பல் நிறுவனங்களுக்கும் நட்டமில்லை. கூட்டுறவாகப் பங்கைப் பிரித்துக்கொண்டதால் அவசரம் போய், ஒரு டன் மீனிலிருந்து எடுக்கும் சரக்கு கணிசமாகக் கூடியது.

கப்பலில் பதப்படுத்திய மீனுக்கு ஊருக்கு வரி கிடைக்குமா?

1994க்கு முன் கிடைக்கவில்லை. அப்போதிருந்த மீன் வணிக வரி மாநில எல்லைக்குள் பதப்படுத்துவோருக்கு மட்டும் உரியது: கரை ஆலைக்கு 3 சதவீதம், மிதக்கும் ஆலைக்கு 5 சதவீதம். 3 மைலுக்கு அப்பால் நின்ற கப்பல் ஒரு காசும் கட்டாமல், பெட்டிகளை டச் ஹார்பரில் இறக்கிவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

1994 ஜனவரி 1 முதல் மாநிலம் மீன்வள இறக்கு வரியைக் கொண்டுவந்தது. வெளியே பதப்படுத்தினாலும், அந்தச் சரக்கு அலாஸ்காவில் முதன்முதலாக எங்கே இறங்குகிறதோ அங்கே வரி விழும். பொல்லாக் போன்ற மீன்களுக்கு 3 சதவீதம். பெட்டியின் விற்பனை விலைக்கு வரி இல்லை. உள்ளே இருக்கும் மீன், வெட்டுவதற்கு முன் முழு மீனாக இருந்தபோது என்ன மதிப்போ அதற்கே வரி. வசூலில் பாதி, சரக்கு இறங்கிய ஊருக்கு. கப்பல் நிறுவனங்கள் இந்த வரியை எதிர்த்து நீதிமன்றம் போயின. மாநில உச்ச நீதிமன்றம் வரியை நிலைநிறுத்தியது.

ஒரு கப்பல் இறக்கும் சரக்கால் ஊருக்கு எவ்வளவு வரும்? கணக்குப் போட்டுக் காட்ட முடியுமா?

முடியும். தோலும் முள்ளும் நீக்கிய ஃபில்லெட் 1,000 டன் இறங்குகிறது என்று கொள்வோம். முழு மீனில் ஐந்தில் ஒரு பங்கு அளவே இப்படிப்பட்ட ஃபில்லெட் ஆகிறது. மீட்பு விகிதம் 0.21 என்று வைத்தால், 1,000 ÷ 0.21 = 4,762 டன் முழு மீன். முழு மீன் விலை கிலோவுக்கு 30 சென்ட் என்று எடுத்துக்காட்டுக்கு வைப்போம். ஆக மதிப்பு சுமார் 14,28,600 டாலர். வரி 3 சதவீதம், 42,858 டாலர். ஊரின் பாதி 21,429 டாலர்.

இதே 4,762 டன் உனலாஸ்காவின் கரை ஆலைக்கு வந்திருந்தால்? மாநில வரியில் ஊரின் பாதி அதே 21,429. கூடவே, ஊர் தானே போடும் 2 சதவீத மீன் வரி இருக்கிறது. அது 28,572. மொத்தம் 50,001 டாலர். ஊர் வரி மீன் ஊருக்குள் விற்கப்படும்போதுதான் விழும். கடலில் வெட்டிய மீன் அதில் சிக்காது. அதாவது வரி என்ற ஒரே கணக்கில் பார்த்தாலும், கப்பல் தருவது கரை தருவதில் பாதிக்கும் கீழே.

இந்தக் கணக்கு எங்கெல்லாம் தப்பாகிறது?

அதிகம் தப்பாவது மீட்பு விகிதத்தில்தான். ஒரே மீனிலிருந்து ஃபில்லெட், சினை, மீன்தூள் மூன்றும் வருகின்றன. முழு மீன் எடைக்குத் திருப்ப முதன்மைச் சரக்கை மட்டும் எடுக்க வேண்டும். சினையையும் மீன்தூளையும் தனித்தனியாக வகுத்துக் கூட்டினால் ஒரே மீன் மூன்று முறை எண்ணப்படும். ஊர் அந்த மிகைக் கணக்கை நம்பி வரவு செலவுத் திட்டம் போட்டால், ஆண்டு முடிவில் துண்டு விழும். எதிர்த் தவறும் உண்டு: சுரிமியின் விகிதம் ஃபில்லெட்டை விடக் குறைவு. சுரிமிப் பெட்டியை ஃபில்லெட் விகிதத்தால் வகுத்தால் மீனின் எடை குறைந்து காட்டும்.

பொல்லாக் ஆலைக்கப்பல்களில் இந்தத் திருப்பல் கணக்கைச் சரிபார்க்க நல்ல ஆதாரம் இருக்கிறது. பட்டைத் தராசு 24 மணி நேரத்துக்கு ஒருமுறை சோதிக்கப்பட வேண்டும். சோதனை எடை குறைந்தது 400 கிலோ, பிழை 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 3 சதவீதம் சிறியதாகத் தோன்றலாம். பிழை எப்போதும் ஒரே பக்கமாகச் சாய்ந்தால் 50,000 டன்னில் 1,500 டன் காணாமல் போகும். அனுமதிக்குள் இருக்கிறதா என்பதோடு நிற்காமல், எந்தப் பக்கம் சாய்கிறது என்பதையும் பாருங்கள்.

அடுத்தது காலம். ஓர் ஆண்டுக்கான வரிக்கணக்கு அடுத்த ஆண்டு மார்ச் 31க்குள் தாக்கலாகிறது. ஊரின் பங்கு அதன்பின் வருகிறது. மீன் விலை சரிந்த ஆண்டில் ஊருக்கு முந்தைய நல்ல ஆண்டின் பணம் வந்துகொண்டிருக்கும். அடி விழுவது ஒரு வருடம் கழித்து. இதை மறந்து நல்ல பணத்தை நிரந்தரச் செலவில் போட்ட ஊருக்கு இரட்டைச் சிரமம்.

வரி தவிர துறைமுகத்துக்கு வேறு என்ன வருமானம்?

படகுத்துறை வாடகை, டன் கணக்கில் சரக்குக் கட்டணம், எரிபொருள் விற்பனை, குப்பை அகற்றல், குளிர்க் கிடங்கு, கிரேன். ஆலைக்கப்பல் நிறைந்ததும் இரண்டு வழிகளில் சரக்கை இறக்கும். ஒன்று, துறையில் கட்டி, பெட்டிகளை 40 அடிக் குளிர்க் கண்டெய்னர்களில் ஏற்றுவது. ஒரு கண்டெய்னரில் சுமார் 25 டன். ஆக 1,000 டன்னுக்கு 40 கண்டெய்னர். கண்டெய்னர் நிற்கும் இடத்தில் மின் இணைப்புப் புள்ளிகள் போதாவிட்டால் வேலை அங்கேயே தேங்கும். மற்றொன்று, குடாவில் நங்கூரமிட்டுக் காத்திருக்கும் வெளிநாட்டுக் குளிர்சரக்குக் கப்பலின் பக்கத்தில் கட்டி நேரே மாற்றுவது. இதில் துறைக்கட்டணம் போய்விடும். வழிகாட்டி மாலுமி, முகவர், இழுவைப் படகு ஆகியோருக்கு மட்டும் வேலை. இறக்கு வரி மட்டும் குடாவில் மாற்றினாலும் விழும். அந்த ஒரு பிடியைச் சட்டம் ஊருக்குக் கொடுத்திருக்கிறது.

ஊருக்கு வராமல் போவது இதைவிடப் பெரிது. இந்தக் கப்பல்களின் தாய்த் துறைமுகம் சியாட்டில். ஆண்டுப் பழுதுபார்ப்பு, எந்திர உதிரிபாகம், வலை, காப்பீடு, அலுவலகச் சம்பளம், மாலுமிகளின் குடும்பச் செலவு எல்லாம் 3,000 கிலோமீட்டருக்கும் அப்பால் வாஷிங்டன் மாநிலத்தில் நடக்கின்றன. பிடிக்கும் கடல் அலாஸ்காவின் வாசலில் இருந்தாலும், செலவழிக்கும் கை அங்கே இருக்கிறது. டச் ஹார்பர் 1997 முதல் தொடர்ந்து எடையில் நாட்டின் முதல் மீன் துறைமுகம் என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பெருமை மீனின் எடையைச் சொல்கிறது. ஊரில் தங்கும் பணத்தைச் சொல்வதில்லை.

உள்ளூர் மக்களுக்கு வேலை கிடைக்கிறதா?

கப்பலில் குறைவு. நூறுக்கு மேற்பட்ட ஆட்கள் உள்ளவை பல. ஆட்கள் பெரும்பாலும் சியாட்டிலிலேயே ஏறி அங்கேயே இறங்குகிறார்கள். கரை ஆலையிலும் தொழிலாளர் பலர் வெளியூர், வெளிநாட்டவரே. ஆனால் அவர்கள் மாதக்கணக்கில் ஊரில் தங்குகிறார்கள், கடையில் வாங்குகிறார்கள், சிலர் குடும்பத்தோடு நிலைத்துவிடுகிறார்கள். உனலாஸ்காவின் நிரந்தர மக்கள்தொகை 2020இல் சுமார் 4,250. பள்ளியும் மருத்துவ நிலையமும் இப்படி நிலைத்தவர்களால் நிற்கின்றன.

சிறிய ஊர்களில் பாதிப்பு எப்படி?

மிகக் கடுமை. அலூஷியன் தீவு வரிசையில் மேற்கே இருக்கும் ஆடக்கைப் பாருங்கள். 1997இல் கடற்படைத் தளம் மூடியபின் அந்த ஊர் ஒற்றை மீன் ஆலையை நம்பி நின்றது. அதன் உயிர்நாடி குளிர்காலக் காட் மீன். ஆலைக்கப்பல்கள் தாய்க்கப்பல் வேலையையும் எடுத்துக்கொண்டு, படகுகளிடமிருந்து காட் மீனைக் கடலிலேயே வாங்கத் தொடங்கின. படகுக்காரருக்கு அது லாபம்: கரைவரை ஓடும் நேரமும் எரிபொருளும் மிச்சம். ஆலைக்கு மீன் வரத்து குறைந்தது.

2016இல் ஒரு விதித் திருத்தம் ஆடக், அட்கா ஊர்களின் ஆலைகளுக்காக 5,000 டன் வரை காட் மீனை ஒதுக்கியது. 2019 மார்ச்சில் கூட்டரசு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2020இல் ஆலை மூடியது. அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் ஊரில் 171 பேர். தாய்க்கப்பலாகச் செயல்படும் ஆலைக்கப்பல்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் வேறொரு விதி 2020 தொடக்கத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆடக்குக்கு அது காலம் கடந்த உதவி. ஒற்றை ஆலை ஊரில் பாதுகாப்பு விதி இரண்டு பருவம் தாமதமானாலே போதும். திறமையான ஆட்களும் வாங்குவோரும் கலைந்துவிடுவார்கள், பிறகு மீன் வந்தாலும் ஆலை எழாது.

ஆலையே இல்லாத ஊர்களுக்கு ஏதாவது உண்டா?

உண்டு, இந்த முழு ஏற்பாட்டில் மெச்சத் தகுந்ததும் அதுதான். 1992இல் தொடங்கிய சமூக வளர்ச்சி ஒதுக்கீட்டில் முதலில் பொல்லாக்கில் 7.5 சதவீதம், 1998 சட்டத்துக்குப் பின் 10 சதவீதம் மேற்கு அலாஸ்காவின் கடலோரச் சிற்றூர்களுக்குப் போகிறது. இப்போது 65 ஊர்கள், 6 குழுக்கள். அவர்களிடம் கப்பல் இல்லாததால் முதலில் பங்கை ஆலைக்கப்பல்களுக்குக் குத்தகைக்கு விட்டார்கள். அந்தப் பணத்தில் சில குழுக்கள் கப்பல் நிறுவனங்களிலேயே பங்கு வாங்கின. நார்ட்டன் சவுண்ட் குழு கிளேசியர் ஃபிஷ் நிறுவனத்தில் வாங்கியது போல. வரியைவிட உரிமை நீடித்த வருமானம் என்பது எங்கள் உறுதியான கருத்து. உனலாஸ்காவில் ஏற்கனவே பெரிய ஆலைகள் இருந்ததால் அது இந்த 65இல் இல்லை.

அப்படியானால் கரை ஆலை இருந்தால் ஊர் பத்திரமா?

இல்லை. கிங் கோவ் ஊரின் பெரிய ஆலை 2024 குளிர்காலப் பருவத்துக்குத் திறக்கவில்லை. வரி, தண்ணீர், மின்சாரம், வேலை எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. கப்பலால் வரும் வருமானம் மெலிந்தது, ஆனால் பல கப்பல்களில் பரவியது. ஆலை வருமானம் தடித்தது, ஆனால் ஒற்றைக் காலில் நிற்பது. இரண்டையும் வைத்துக்கொண்டு கணக்குப் பார்க்கும் ஊரே தாங்குகிறது.

வெளிநாட்டுக் கப்பல்கள் வந்து வாங்கினால் ஊருக்கு நன்மை உண்டா?

ஸ்காட்லாந்தின் உல்லாபூல் ஊரில் ஒரு காலத்தில் இருந்தது. 1970களின் இறுதி முதல் சோவியத், கிழக்கு ஐரோப்பியப் பதப்படுத்தும் கப்பல்கள் அந்த ஊரை ஒட்டிய லாக் புரூம் என்னும் கடற்கழியில் நங்கூரமிட்டு, உள்ளூர்ப் படகுகளிடம் கானாங்கெளுத்தி இன மீனும் ஹெர்ரிங்கும் வாங்கின. கரையில் அவ்வளவு மீனை உறைய வைக்க ஆலை இல்லாத காலம் அது. முகவர்களும் கடைக்காரர்களும் பிழைத்தார்கள். மாலுமிகள் பழைய கார்களைக்கூட வாங்கிக் கப்பலில் ஏற்றிப் போனார்கள். சோவியத் ஒன்றியம் உடைந்தபின் கப்பல்கள் பராமரிப்பின்றித் தேய்ந்தன. 1993, 1994 ஆண்டுகளில் ஷெட்லாந்து தீவுகளின் லெர்விக் அருகே சில பாறையில் மோதி உடைந்தன. எண்ணெயைத் துடைக்கும் வேலை கரைக்காரர் தலையில் விழுந்தது. இப்படிப்பட்ட கப்பலை அனுமதிக்கும் துறைமுகம், முதல் பெட்டி ஏறுவதற்கு முன்பே சிதைவு அகற்றும் காப்பீட்டுச் சான்றைக் கேட்டு வாங்கிவிட வேண்டும்.

சரக்கு தன் எல்லைக்குள்ளேயே இறங்க ஊர் என்ன செய்யலாம்?

கடல் கொந்தளிக்கும் குளிர்காலத்தில் இரண்டு கப்பல்கள் பக்கம் பக்கமாகக் கட்டி நிற்க அமைதியான நீர் வேண்டும். அது ஊருக்குச் சாதகம். முதலில், குடாவில் நங்கூரமிடும் இடம் நகர எல்லைக்குள் இருக்கிறதா என்று வரைபடத்தில் உறுதி செய்யுங்கள். எல்லைக்கு வெளியே மாறினால் வரியின் பாதி நேரே உங்களுக்கு வராது. வட்டார ஊர்களுக்குப் பொதுவாகப் பகிரும் திட்டத்துக்குள் போய்விடும். இரண்டாவது, கப்பலைக் கட்டி நிறுத்த உறுதியான நிலைமிதவைகளைப் போட்டுப் பராமரியுங்கள். நங்கூரம் இழுபடும் இடத்தில் எந்த மாலுமித் தலைவரும் இரண்டாம் முறை நிற்க மாட்டார்.

கட்டணத்தை ஏற்றுவதில் நிதானம் வேண்டும். ஆலைக்கப்பலுக்கு மாற்று இடம் உண்டு. அடுத்த குடாவுக்குப் போகும், அல்லது பருவத்தின் கடைசிச் சரக்கை வயிற்றில் வைத்துக்கொண்டு நேரே சியாட்டிலுக்கே போய்விடும். அந்தச் சரக்கு அலாஸ்காவில் இறங்கவே இல்லை என்பதால் இறக்கு வரியும் போச்சு. பருவம் முடியும் வாரங்களில் துறை காலியாக இருக்கும்படி அட்டவணை போட்டு, அந்த வாரங்களுக்கு மட்டும் கட்டணத்தைக் குறைத்துப் பாருங்கள். மேலே போட்ட கணக்கின்படி, கைவிட்டுப் போகவிருந்த 1,000 டன் ஃபில்லெட்டை இறக்க வைத்தால் வரிப் பங்காக 21,429 டாலர். தள்ளுபடி அதற்குக் கீழே இருக்கும்வரை ஊருக்கு லாபமே.